ஓடுகிற கயிறு

"அப்ப கை தானாத் திறந்துக்கிச்சுங்கற?"

"தானாத்தான். திறக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும். ஏணி தடதடன்னு கீழ வந்து இடிச்சுது. தேர்வு வைக்கிறவன் விசிலை ஊதிட்டான். அவ்வளவுதான்."

ரொசேர் கையிலிருந்த தூரிகையைப் பெயிண்ட் டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டுச் சிரித்தான். இருமலும் சிரிப்பும் கலந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் சிரித்தான். பிறகு, "நான் சொல்லிக்குடுத்தது வீண் போகல," என்றான்.

அண்ணன் இப்படித்தான் சிரிப்பான் என்று ஒடீலுக்குத் தெரியும். அதனால்தான் தேர்வில் தோற்ற கதையை வேறு யாரும் சொல்வதற்கு முன் தானே வந்து சொன்னாள். அக்டோபர் மாதம். ஆன்ஸ் என்ற அந்தக் கடலோரக் கிராமத்தின் துறையில் அந்த மாதம் முழுக்க எல்லாக் கொட்டகைகளிலும் ஒரே வேலைதான். சிங்கி இறால் கூண்டுகளின் கிழிந்த வலையைத் தைப்பது, கயிற்றைச் சுருட்டுவது, மிதவைகளுக்கு அவரவர் நிறத்தைப் பூசுவது. ரொசேரின் நிறம் ஆரஞ்சு, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. வெளியே மூடுபனி கனத்துக் கிடந்ததால் காய வேண்டிய மிதவைகளைக் கொட்டகைக்குள்ளேயே அடுப்பைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே குந்தியிருந்த இரண்டு பேர் முகத்திலும் ஆரஞ்சு வெளிச்சம் அடித்தது.

அவனுக்கு ஐம்பது. படகு அவனுடையது. அவளுக்கு நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து அந்தப் படகின் தளத்தில் நிற்கிறாள். தளத்தில் நிற்பவர்களுக்கு ரொசேர் முதல் நாளே சொல்லும் பாடம் ஒன்றுதான். கூண்டுகள் ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். முதல் கூண்டு கடலில் விழுந்தால் அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும், நடுவில் இருக்கிற கயிறெல்லாம் தளத்தின் மேல் சீறிக்கொண்டு ஓடும். ஓடுகிற கயிறு கையில் பட்டால் கையைத் திறக்க வேண்டும். யோசித்துத் திறப்பவனுக்குத் திறக்க நேரம் இருக்காது. ரொசேரின் இடக்கையில் மோதிர விரல் இல்லாதது அப்படி யோசித்ததால்தான். அவர்களுடைய சித்தப்பா ஒருவர் விரலோடு நிற்காமல் முழுதாகவே போனார்.

இருபத்தைந்து வருடமாகத் திறந்து பழகிய கை. ஹாலிஃபாக்ஸ் தீயணைப்புப் படையின் உடல் தேர்வில், இரட்டை ஏணியின் மேல்பாதியைக் கயிற்றால் ஏற்றிவிட்டுக் கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இறக்க வேண்டிய இடத்தில், கையுறைக்குள் கயிறு ஒரு சாண் வழுக்கியது. கை திறந்துகொண்டது.

"இன்னொரு தேதி குடுத்திருக்காங்க," என்றாள் ஒடீல். "நவம்பர் கடைசி வியாழன்."

ரொசேர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டான். சீசன் திறப்பது நவம்பர் கடைசித் திங்கள். அன்றைக்குத்தான் கரையோரத்துப் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிப் போய்க் கூண்டுகளைக் கொட்டும். அதைக் கொட்டுநாள் என்பார்கள். திங்கள் கொட்டிவிட்டு, செவ்வாய், புதன் விழுந்த இறாலை முதல் தடவை இழுத்துவிட்டு, வியாழன் போகலாம்.

"போய்ட்டு வா," என்றான். "எப்படியும் கை திறக்கத்தான் போகுது."

"பாக்கலாம்," என்றாள் அவள்.

ஒடீலுக்கு ஏன் இந்த வயதில் இந்த ஆசை என்று துறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணவன் ஜெர்வே சொல்வது நியாயமான காரணங்கள். மணிக்கட்டு வீங்குகிறது, முட்டி போகிறது, படகு அண்ணனுடையது, நாளைக்கு அவன் விற்றால் இவள் ரப்பர் பூட்ஸோடு கரையில் நிற்க வேண்டியதுதான், தீயணைப்புப் படையில் ஓய்வூதியம் உண்டு. ஒடீல் இதில் எதையும் மறுப்பதில்லை. ஆனால் அவளிடமே கேட்டால் ஒரே பதில்தான் வரும். "எனக்கு அது வரும்." ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையில் பல வருடமாக இருக்கிறாள். இரண்டு சமையலறைத் தீ, ஒரு படகுத் தீ, கணக்கில்லாத புல்வெளித் தீ. மீன் பதனிடும் ஆலையின் பின்கட்டு எரிந்தபோது புகைக்குள் முதலில் போனது அவள்தான். வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் பசிக்கிறது என்று சொன்னாளாம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஜெர்வே தலையில் அடித்துக்கொள்வான்.

எழுத்துத் தேர்வை வசந்தத்திலேயே தாண்டிவிட்டாள். அதற்கு ஆசிரியர் ஜெர்வேதான். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், நடுப்பகலில் சமைக்கிறவன். அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டே கேள்விகளை வாசிப்பான். ஒரு தொட்டியில் இவ்வளவு தண்ணீர், நிமிடத்துக்கு இவ்வளவு ஒழுகுகிறது, எப்போது காலியாகும் என்று கேட்டால், யார் அந்தத் தொட்டியை ஒழுக விட்டது என்று ஒடீல் கோபப்படுவாள். பதிலைச் சொல், ஆளைப் பிறகு திட்டலாம் என்பான் ஜெர்வே. பின்னக் கணக்கு அவளுக்கு ஏறவே இல்லை. கடைசியில் இரை வாளிகளைத் தரையில் அடுக்கி வைத்து, முக்கால் வாளி, அரை வாளி என்று போட்ட பிறகுதான் ஏறியது. தேர்வு அறையில் மனதுக்குள் மீன் வாளிகளையே அடுக்கிக்கொண்டிருந்ததாகவும், பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்தது போலத் தோன்றியதாகவும் வந்து சொன்னாள்.

உடல் தேர்வுக்கு முதல் தடவை போனபோது வாசலில் பெயர் பதிந்த இளைஞன் மிகுந்த மரியாதையோடு, பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள் அந்தப் பக்கம் உட்காரலாம் என்றான்.

"பிள்ளை வரலப்பா," என்றாள் ஒடீல். "இன்னைக்கு நான் மட்டும்தான்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் இருபதை ஒட்டியவர்கள், கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன பையன்கள். கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு ஓடும் படி எந்திரத்தில் ஏறும்போது அவர்களில் இரண்டு பேர் பாதியில் உட்கார்ந்தார்கள். ஒடீல் உட்காரவில்லை. ஆடுகிற தளத்தில் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு ஆடாத படி ஒரு பொருட்டில்லை. தண்ணீர்க் குழாயை இழுத்தாள், சுத்தியலால் அடித்தாள், ஆள் கனப் பொம்மையைத் தரதரவென்று இழுத்துப் போட்டாள். ஏணி ஒன்றுதான்.

ஜெர்வே அதைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தையும் ஆறுதல் சொல்லவில்லை. மறுநாள் பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் வீட்டுக் கொட்டகையின் உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டினான். பழைய எஞ்சின் ஒன்றின் இரும்புச் சக்கரத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். கீழே மரப்பலகை போட்டான். அவள் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். இறக்கும்போது அவன் நினைத்த நேரத்தில் கயிற்றை ஒரு உலுக்கு உலுக்குவான்.

முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு உலுக்குக்கும் கை திறந்தது. சக்கரம் பலகையில் விழும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். நாய் குரைத்தால் அந்த வீட்டு எலோடி சன்னலைத் திறந்து, "போச்சா?" என்று கேட்பாள். "போச்சு," என்பான் ஜெர்வே. அவன் வார்த்தையால் ஏமாற்றியும் பார்த்தான். ஏதோ பேச்சுக் கொடுப்பான், துறையில் கேட்ட வம்பைச் சொல்வான், அவள் சிரிக்கும்போது உலுக்குவான். பிறகு கயிற்றில் மீனெண்ணெயைத் தடவினான். ஒடீல் அவனுடைய வம்சத்தையே திட்டினாள். திட்டிக்கொண்டே ஏற்றினாள்.

கை என்பது மனதுக்குப் பிறகு கற்கிற சாமான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. பிடி, பிடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றால் சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் பலகையில் கிடக்கும். ஆகவே சொல்வதை விட்டாள். வெறுமனே, சலிக்கச் சலிக்க, நூறு தடவை ஏற்றி நூறு தடவை இறக்கினாள். காலையில் பனிக்கட்டி ஆலையின் இரும்புப் படிகளில் சங்கிலி கோத்த மேலங்கியோடு ஏறி இறங்குவாள். துறையில் நிற்கும் ஆண்கள் கீழேயிருந்து, "பாட்டி, மேல தீயா, பனிக்கட்டியா?" என்று கேட்பார்கள். "மேல வந்தா தெரியும், மூச்சு இருந்தா வா," என்பாள்.

நவம்பர் பிறந்து முதல் உறைபனி விழுந்த ஒரு மாலையில், அவள் எலோடியின் மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜெர்வே முழுப் பலத்தோடு உலுக்கினான். எண்ணெய்க் கயிறு ஒரு முழம் ஓடியது. கை மூடிக்கொண்டது. சக்கரம் நடுவில் தொங்கி மெல்ல ஆடியது. ஒடீல் பேச்சை நிறுத்தாமல் மருமகள் கதையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். நாய் குரைக்கவில்லை. சன்னல் திறந்து எலோடியின் தலை வந்தது. "என்னாச்சு, யாருக்காவது அடியா?"

அன்று முதல் சக்கரம் விழவே இல்லை.

கொட்டுநாளுக்கு முந்தைய வாரம் படகில் கூண்டு ஏற்றுகிற வாரம். துறை மேடையில் ஆள் உயரத்துக்கு மேல் கூண்டுகள் மதில்மதிலாக நிற்கும். லாரிகள் பின்வாங்கும், இரைப் பெட்டிகளின் உப்பு நாற்றம், கடற்காகங்களின் சண்டை, எங்கே பார்த்தாலும் தேநீர்க் குவளைகள். ரொசேரின் படகில் ஒடீலோடு தளத்தில் நிற்கும் இன்னொருவன் பசில். முப்பது வயது, பேசுவது குறைவு, வேலை சுத்தம். அவன் மேடையிலிருந்து கூண்டைத் தள்ள, ஒடீல் வாங்கி அடுக்கினாள். படகின் பின்பக்கம் ஐந்தாவது அடுக்கு ஏறியபோது, ஓரத்தில் சரியாக உட்காராத ஒரு கூண்டு சரிந்து துறைக்குள் விழுந்தது. அது ஏற்கெனவே கயிற்றில் கோக்கப்பட்ட வரிசை. கயிறு ஓட ஆரம்பித்தது.

இப்படி விழுவது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவருக்கு நடக்கும். கயிற்றை ஓட விட்டு, இரண்டு கூண்டுகள் போனதும் கொக்கி போட்டு எடுத்துக்கொள்வார்கள், கொஞ்சம் கேலி செய்வார்கள், முடிந்தது. ஆனால் ஒடீலின் கை ஓடுகிற கயிற்றின் மேல் மூடிக்கொண்டது.

அவள் இரண்டு எட்டு இழுபட்டுப் போய்ப் படகின் விளிம்பில் இடுப்பு மோதி நின்றாள். துறைக்குள் ஆழம் இல்லாததால் கூண்டு தரையைத் தொட்டது, கயிறு தளர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. கையுறையின் உள்ளங்கை மட்டும் கிழிந்திருந்தது. நிமிர்ந்தபோது மேடையில் யாரும் கேலி செய்யவில்லை. பசில் அவள் கையைப் பார்த்தான், பிறகு ரொசேரைப் பார்த்தான். பக்கத்துப் படகில் வானொலியை யாரோ அணைத்தார்கள். நடந்தது என்ன என்று துறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளிக்கடலில் அந்தக் கூண்டுக்குத் தரை கிடைப்பதற்குள் அவள் இருந்திருக்க மாட்டாள்.

அன்று சாயங்காலம் ரொசேர் அவள் வீட்டுக்கு வந்தான். ஜெர்வே ராப்பூர் சுட்டிருந்தான். உருளைக்கிழங்கைத் துருவி, பிழிந்து, கோழிச்சாறு ஊற்றி, மேலே பொன்னிறமாக ஓடு கட்டும்வரை அடுப்பில் விட்டது. ரொசேர் தன் தட்டில் கரும்புப்பாகை ஊற்றிக்கொண்டு ஒரு முழுத் தட்டைச் சாப்பிட்டான். ஓட்டின் மூலைத்துண்டு அவனுக்குத்தான் என்பது அந்த வீட்டு வழக்கம், ஒடீலே எடுத்து வைத்தாள். அதையும் தின்றான். முட்கரண்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"திங்கக்கிழமை நீ வர வேணாம்," என்றான்.

"ஒரு தடவை நடந்ததுக்கா?"

"ஒரு தடவைதான் நடக்கும், ஒடீல். ரெண்டாந்தடவைக்கு ஆள் இருக்காது."

தன் கை தனக்குத் தெரியும், தளத்தில் நிற்கும்போது ஜாக்கிரதையாக இருப்பேன் என்றாள். ஜாக்கிரதை என்பது மண்டையில் இருப்பது, கயிறு மண்டையிடம் கேட்டுக்கொண்டு ஓடாது என்றான் அவன். ஜெர்வே நடுவில் புகுந்து தேநீர் ஊற்றினான். இதெல்லாம் தன்னால் வந்தது என்று அவன் சொல்ல வர, இருவரும் ஒரே குரலில் அவனைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்லல," என்றான் ரொசேர். "பொறாமையாக்கூட இருக்கு. இத்தன வருஷப் பழக்கத்த ஒரு மாசத்துல மாத்திட்ட. ஆனா ஒரு கைக்கு ஒரு பழக்கந்தான். எதுன்னு நீதான் முடிவு பண்ணணும்."

"முடிவு பண்ணிட்டேன்," என்றாள் ஒடீல். சொன்ன வேகத்தில் அவளுக்கே கொஞ்சம் திடுக்கென்றது. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ரொசேர் தலையாட்டினான். திங்கட்கிழமைக்குத் தன் மைத்துனனின் சிநேகிதன் ஒருவனைப் பேசிவிட்டதாகச் சொன்னான். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, ராப்பூர் நன்றாக இருந்தது என்றான். ஜெர்வேயிடம்தான் சொன்னான்.

திங்கட்கிழமை படகுகள் போகவில்லை. ஞாயிறு மத்தியானமே வடமேற்குக் காற்று ஏறிவிட்டது. ஒவ்வொரு துறையின் பிரதிநிதியும் அதிகாரிகளும் தொலைபேசியில் கூடிப் பேசி நாளைத் தள்ளிவைத்தார்கள். செவ்வாயும் தள்ளிப்போனது. புதனும் அப்படித்தான். கூண்டேற்றிய படகுகள் துறையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. கூண்டுகளில் கட்டிய இரை நாறத் தொடங்கியது. கடற்காகங்களுக்குக் கொண்டாட்டம். ஆண்கள் லாரிக்குள் உட்கார்ந்து காற்றுமானியைப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினார்கள், திரும்ப லாரிக்கு வந்தார்கள். ரொசேர் பேசி வைத்திருந்த ஆள் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், செவ்வாய்க்கிழமை வேறு கரையில் நல்ல பங்கு கிடைக்கிறது என்று போய்விட்டான்.

புதன் மதியம் செய்தி வந்தது. நாளைக்குக் காற்று விழும். வியாழன் விடியலில் கொட்டலாம். சாயங்காலத்துக்கு மேல் மறுபடி ஏறும் என்பதால் எல்லாரும் பகலுக்குள் முடிக்க வேண்டும்.

வியாழன்.

கொட்டுநாளில் இந்தக் கரையில் சும்மா இருக்கிற ஆம்பிளைக் கை ஒன்றுகூடக் கிடைக்காது. பள்ளி மேல்வகுப்புப் பையன்களிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் வரைக்கும் யாராவது ஒரு படகில் இருப்பார்கள். ரொசேர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் அவனுக்காக வருத்தப்பட்டார்கள், அவ்வளவுதான். இரண்டு பேர் தளத்தில், ஒருவன் சுக்கானில், இதற்குக் குறைந்து கொட்டப் போவது பைத்தியக்காரத்தனம். ஆனால் தங்கையை அவன் கூப்பிடவில்லை. அவள்தான் சமையலறைச் சன்னலில் நின்று துறையைப் பார்த்தாள்.

"கூப்பிட மாட்டான்," என்றாள்.

"கூப்பிட்டா?" என்றான் ஜெர்வே.

அவள் தேர்வுக்கான பையில் ஒரு ஜோடி காலுறையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஜெர்வே அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு துறைக்கு நடந்தான். ரொசேர் படகில் கூண்டுகளின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் வரேன்," என்றான் ஜெர்வே.

ரொசேர் அவனை மேலும் கீழும் பார்த்தான். ஜெர்வே துறைக்குள்ளேயே, கட்டிப்போட்ட படகில் தேநீர் குடித்தே வாந்தி எடுத்தவன் என்பது ஊர் அறிந்த விஷயம்.

"உனக்குக் கடல் ஆகாதேய்யா."

"கடலுக்கும் என்னை ஆகாது. ஒரு நாள் ரெண்டு பேரும் பொறுத்துக்கறோம். அவ போகட்டும், ரொசேர்."

ரொசேர் கையிலிருந்த கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். பிறகு, கூண்டைத் தள்ளுவது மட்டும் உன் வேலை, கயிறு இருக்கிற பக்கம் கால்கூட வைக்கக் கூடாது, வாந்தி எடுப்பதானால் காற்று அடிக்கிற பக்கம் எடுக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டான்.

ஒடீல் விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்தாள். கிராமத்தைத் தாண்டும்போது துறையில் எல்லாப் படகுகளின் விளக்கும் எரிந்தது. சாலையோரத்தில் பெண்களும் குழந்தைகளும் போர்வை சுற்றிக்கொண்டு நின்றார்கள், பாதிரியார் படகுகளை ஆசீர்வதிக்க மேடையின் முனையில் நின்றார். இருபத்தைந்து வருடமாக அவர்களைத் தண்ணீரிலிருந்து பார்த்தவள், முதல்முறையாக அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள். வண்டியை நிறுத்தவில்லை. நெடுஞ்சாலை ஏறிக் கிழக்கு வெளுத்தபோது வானொலியில் படகுகள் கிளம்பியதாகச் சொன்னார்கள். ஜெர்வே இந்நேரம் எந்த நிறத்தில் இருப்பான் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது. ஜெர்வே கட்டிக் கொடுத்திருந்த ரொட்டியை இரண்டு துண்டாகப் பிய்த்து, ஓட்டிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள்.

தேர்வுக்கூடத்தின் வாசலில் அதே இளைஞன். இந்தத் தடவை எழுந்து நின்று பெயரைச் சொல்லி வரவேற்றான். படிகள், குழாய், பொருள் தூக்கி நடப்பது. ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு முன்னால் போன பையன் ஆர்வத்தில் ஓடி எச்சரிக்கை வாங்கினான். ஒடீல் இரை வாளியோடு வழுக்குத் தளத்தில் நடக்கிற நடையில் நடந்தாள்.

ஏணிக்கு வந்தபோது மூச்சு நிதானமாகத்தான் இருந்தது. சுவரோடு நிமிர்த்தினாள். கயிற்றைப் பிடித்து மேல்பாதியை ஏற்றினாள். உச்சியில் போய் முட்டிய சத்தம் கேட்டது. இறக்க ஆரம்பித்தாள். முன்னால் போனவர்களின் வியர்வையில் கயிறு ஈரமாகியிருந்தது. பாதியில், எதிர்பார்த்தது போலவே, வழுக்கியது.

கை மூடிக்கொண்டது.

மூடிய பிறகுதான் வழுக்கியதே அவளுக்குத் தெரிந்தது. ஏணி ஒரு கணம் நின்றது. அவள் கைமாற்றிக் கைமாற்றி, அவசரமில்லாமல் இறக்கினாள். அடியில் வந்து அமர்ந்தபோது சத்தமே இல்லை. பக்கத்தில் நடந்து வந்த தேர்வாளர், தலை நரைத்த மனிதர், தாளில் ஏதோ குறித்தார். மிச்சத்தையும் முடித்தாள். கடைசியில் மேற்கூரையைக் கொக்கி வைத்த கழியால் குத்தி இழுக்கும் இடத்தில் கை கடுத்தது. அப்போதும் நேரம் மிச்சமிருந்தது. கடிதம் வரும், ஜனவரியில் வகுப்பு தொடங்கும், அதற்குள் வீடு பார்த்துக்கொள்வது நல்லது என்றார் நரைத்தவர். என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டார். சொன்னாள். இன்றைக்குக் கொட்டுநாளாயிற்றே என்றார் அவர். தன் அம்மாவும் அந்தக் கரைதான் என்றார்.

"ஆமா," என்றாள் ஒடீல். "அதான் சீக்கிரம் போகணும்."

ஆன்ஸுக்குத் திரும்பியபோது பகல் இன்னும் இருந்தது. காற்று இல்லாத கடல் தகரம் போலக் கிடந்தது. மேற்கே மட்டும் ஒரு கறுப்புக் கோடு. வீட்டுக்குப் போகாமல் நேரே துறைக்கு விட்டாள். முதல் சுற்றை முடித்த படகுகள் இரண்டாவது பாரம் ஏற்ற வந்துகொண்டிருந்தன. ரொசேரின் படகு மேடையை ஒட்டி நின்றது. பசில் ஒற்றை ஆளாக மேடையிலிருந்து கூண்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மேடையில் இரைப் பெட்டியின் மேல் ஜெர்வே உட்கார்ந்திருந்தான். முகம் பட்டாணி சூப்பின் நிறத்தில் இருந்தது. எலோடி அவன் தலையைப் பிடித்துக்கொண்டு இஞ்சிப் பானத்தை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கூண்டுகூட தப்பா தள்ளல," என்றான் ஜெர்வே, கண்ணைத் திறக்காமல். "நடுவுல நடுவுலதான் சாமியக் கூப்ட்டேன்."

அவள் குனிந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நாறினான்.

"ஏணி?" என்று கேட்டான்.

"வந்துச்சு. மெதுவா."

அவன் கண்ணைத் திறந்து சிரிக்கப் பார்த்தான், முடியாமல் மறுபடி மூடிக்கொண்டான். அவன் கை அவள் கையுறையைத் தேடிப் பிடித்தது.

ரொசேர் சுக்கான் அறையிலிருந்து வெளியே வந்து இதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் காதில் விழுந்திருக்கும். மேற்கே இருந்த கோட்டைப் பார்த்தான், மேடையில் மிச்சமிருந்த கூண்டு மதிலைப் பார்த்தான், ஜெர்வேயைப் பார்த்தான். மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்தான். பசில் கூண்டு அடுக்குவதை நிறுத்தினான்.

"ஜெயிச்சிட்ட," என்றான் ரொசேர்.

"ஆமா."

"நல்லது." அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "இவன் இன்னொரு தடவை வந்தா செத்துருவான்."

"தெரியுது."

"உன்னைத் தளத்துல நிறுத்த மாட்டேன். அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான்."

அவன் திரும்பிச் சுக்கான் அறையைக் காட்டினான். கொட்டுநாளில் அவன் தவிர இன்னொருவர் அதற்குள் நின்று யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு முன்னால் அவர்கள் அப்பா.

"கயித்துப் பக்கம் நான் நிக்கிறேன்," என்றான் ரொசேர். "சுக்கானை நீ பிடி."

அவள் கதவையே பார்த்தாள். கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பாரத்துக்கு மட்டும்னு நான் சொல்லல, ஒடீல். ஏறு."